தரங்கம்பாடி வௌவால்கள்: காவிரிப் படுகையும் வெப்பமண்டல வௌவால் வகைமையும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகை நெல்லுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றது. உலக விலங்கியல் வரலாற்றிலும் இப்பகுதிக்கு ஓர் இடம் உண்டு. பாகிஸ்தான் முதல் இந்தோனேசியா வரை பரவியிருக்கும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் ஆகிய இரண்டு இனங்களும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டே அறிவியல் பெயர் பெற்றன. அந்தப் பெயர்கள் உருவான சூழல், படுகையில் இத்தனை வகை வௌவால்கள் வாழ்வதற்கான காரணம், இன்று அவை எதிர்கொள்ளும் நிலை ஆகியவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

வாவலும் துரிஞ்சிலும்

தமிழில் வௌவாலுக்கு வாவல், வவ்வால், துரிஞ்சில் எனப் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. பெரிய பழந்தின்னியை வாவல் என்றும், வீட்டுக் கூரையிலும் கோயில் இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் சிறியதைத் துரிஞ்சில் என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கமும் இருந்தது. பழம் தின்பவை, பூச்சி தின்பவை என்று பின்னாளில் அறிவியல் செய்த பிரிவுக்கு இது ஏறத்தாழப் பொருந்துகிறது.

சங்க இலக்கியத்தில் வாவல் பல இடங்களில் வருகிறது. நக்கண்ணையார் பாடிய நற்றிணை 87ஆம் பாடலில், ஊருக்குள் நிற்கும் மாமரத்தின் உயர்ந்த கிளையில் தொங்கித் தூங்கும் வாவல் ஒன்று, சோழ நாட்டு அழிசியின் பெருங்காட்டில் விளையும் நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவு காண்கிறது. தலைவியின் கனவுக்கு உவமையாக வரும் இக்காட்சியில் ஒரு நுட்பமான கவனிப்பு இருக்கிறது. பகலில் தங்கும் மரம் ஊரில் உள்ளது, இரவில் இரை தேடும் இடம் தொலைவில் உள்ளது. பெரும்பழந்தின்னிகள் ஒரே இரவில் பல கிலோமீட்டர் தொலைவு பறந்து இரை தேடித் திரும்புவதை இக்கால ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன.

ஏழு இனங்களில் தொடங்கிய பட்டியல்

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில்தான் விலங்குகளுக்கு இருசொல் பெயரிடும் முறை நிலைபெற்றது. அதில் அவர் உலக வௌவால்கள் அனைத்தையும் ‘வெஸ்பெர்டிலியோ’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். அவர் அறிந்த இனங்கள் ஏழு மட்டுமே. மனிதனும் குரங்கும் இருந்த முதனிகள் வரிசையிலேயே வௌவாலையும் அவர் வைத்திருந்தார். அந்த ஏழில் ஐந்து, சூரினாம், ஜாவா, டெர்னாட்டே போன்ற வெப்பமண்டல நிலங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. இரண்டு மட்டுமே ஐரோப்பாவைச் சேர்ந்தவை.

இன்று உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வௌவால்களே. கொறித்துண்ணிகளுக்கு அடுத்த பெரிய வரிசை இது. இந்தியாவில் மட்டும் 120க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இந்த வகைமை உலகெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. துருவங்களிலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வர வர இனங்களின் எண்ணிக்கை கூடுகிறது. டென்மார்க் நாடு முழுவதிலும் இருபதுக்கும் குறைவான இனங்களே உள்ளன. அவை அனைத்தும் பூச்சியுண்ணிகள். பனாமா கால்வாயில் உள்ள பாரோ கொலராடோ தீவின் பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர்தான். அங்கே 70க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. குளிர்நாட்டில் பனிக்காலத்தில் பூச்சி கிடைக்காது. அங்குள்ள வௌவால் மாதக்கணக்கில் உறங்கிக் கழிக்க வேண்டும், அல்லது இடம்பெயர வேண்டும். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூக்கும், ஏதேனும் ஒன்று பழுக்கும், பூச்சிகளும் குறையாது. எனவே பழம், தேன், பூச்சி, தவளை, மீன் என ஒவ்வோர் உணவையும் நம்பி ஒரு வௌவால் வகை வாழ முடிகிறது. பழைய உலகப் பழந்தின்னிகளின் குடும்பமான ‘டெரோபோடிடே’ ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் வெப்பமான பகுதிகளோடு நின்றுவிடுவதற்கும் இதுவே முதன்மையான காரணம். பழமில்லாத மாதங்கள் நீளும் நாட்டில் அவை வாழ முடியாது.

ஆகவே 18ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்த ஒருவருக்கு, மாலையில் தோப்புக்கு மேலே காகத்தைவிடப் பெரிய சிறகுகளோடு பறந்த பழந்தின்னி தம் நாட்டில் காணவே முடியாத உயிரினம்.

தரங்கம்பாடியில் இயற்கையியல்

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த உடன்படிக்கையின்படி டென்மார்க் நாட்டவர் தரங்கம்பாடியில் குடியேறி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்படும்வரை ஊர் அவர்களிடம் இருந்தது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதையும் அதையடுத்து அச்சகம் அமைந்ததையும் தமிழ் வரலாறு நன்கறியும். அதே ஊர் தென்னிந்திய இயற்கையியலின் முதல் மையங்களுள் ஒன்றாகவும் இருந்தது.

லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் ஆங்கிலேயக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராகப் பணியாற்றி 1785இல் இறந்தார். அவர் மூட்டிய ஆர்வம் சமயப் பணியாளர்களைத் தொற்றிக்கொண்டது. 1771இல் வந்த கிறிஸ்தோப் சாமுவேல் யோன், மீன்களையும் சிப்பிகளையும் சேகரித்து பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பினார். அந்த நன்றிக்காகவே ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பிளாக் பெயரிட்டார். 1776இல் வந்த ரோட்லர் தாவரங்களைச் சேகரித்தார். தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து பொறையாறு அருகே தோட்டம் அமைத்த மொராவிய சபையினரும் இயற்கைப் பொருள்களைச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர்.

அனுப்பப்பட்டவை கோபன்ஹேகன், பெர்லின், ஹாலே எனப் பல ஊர்களுக்குச் சென்றன. கோபன்ஹேகனில் 1789இல் தொடங்கிய இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் மார்ட்டின் வால். நார்வேயில் பிறந்த இவரும் லின்னேயசிடம் பயின்றவர். தாவரவியலாளர் என்றே இவரை உலகம் அறியும். கோனிக்கும் ரோட்லரும் சேகரித்த தென்னிந்தியத் தாவரங்கள் பலவற்றை விவரித்தவர். அந்தச் சங்கத்தின் இதழில் 1797இல் வால் தரங்கம்பாடி வௌவால் ஒன்றை விவரித்து ‘வெஸ்பெர்டிலியோ ஸ்பிங்ஸ்’ என்று பெயரிட்டார். இன்றைய பெயர் சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். தமிழில் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்கிறோம். அதே 1797இல் தரங்கம்பாடியில் டேனிஷ் படை அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், பனைமரத்தில் ஏறும் மீனைப் பற்றிய தம் குறிப்பை இலண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியிட்டார். நாம் பனையேறிக் கெண்டை என்று அழைக்கும் மீன் அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1800இல், ஜெர்மானிய அறிஞர் யோஹான் காட்லோப் ஷ்னைடர் மற்றொரு தரங்கம்பாடி வௌவாலுக்கு ‘வெஸ்பெர்டிலியோ ஸ்பியோரிஸ்’ என்று பெயரிட்டார். ஷ்ரெபர் தொடங்கிய பாலூட்டிகள் பற்றிய படநூல் வரிசையில் அது வெளியானது. மூக்கின்மேல் இலைபோன்ற தோல் மடிப்புகள் கொண்ட இந்தப் பூச்சியுண்ணி இன்று ஹிப்போசிடெரஸ் ஸ்பியோரிஸ் எனப்படுகிறது. இந்த ஷ்னைடர்தான் பிளாக் இறந்தபின் அவருடைய மீனியல் நூலை முடித்து 1801இல் பதிப்பித்தவர். தரங்கம்பாடிக்கும் பெர்லினுக்கும் இடையே ஓடிய கடிதங்களும் பெட்டிகளும் எத்தனை துறைகளைத் தொட்டன என்பதற்கு இது ஒரு சான்று.

அக்காலத்தில் தஞ்சை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தரங்கம்பாடி அறிஞர்களுடன் தொடர்பு வைத்திருந்தார். தம் அரண்மனை ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளையும் பறவை விலங்குகளையும் வரையச் செய்தார். ஐரோப்பியர் மட்டுமே இயற்கையைப் பதிவுசெய்தனர் என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இதுவே போதும்.

சோழமண்டலத்தின் பெயர் சுமக்கும் வௌவால்

தரங்கம்பாடிக்குப் பின் கடற்கரையின் பிற ஊர்களிலிருந்தும் பெயர்கள் வந்தன. பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ 1816 முதல் புதுச்சேரியில் பணியாற்றினார். அங்கிருந்து சென்ற வௌவாலுக்கு 1820இல் தெமாரே அவர் பெயரையே சூட்டினார். ரூசெட்டஸ் லெஷனோல்ட்டி என்ற அந்தப் பழந்தின்னி குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் கூட்டமாகத் தங்கும். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை கண்ணையும் மோப்பத்தையும் நம்பிப் பறக்க, இந்தப் பேரினம் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டு இருளில் வழி கண்டுகொள்ளும்.

1831இல் ஹார்ஸ்ஃபீல்டு சென்னையிலிருந்து கிடைத்த மஞ்சள் வௌவாலுக்கு ஹீத் என்பவரின் பெயரை இட்டார். படுகையின் வடக்கே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் அவர். 1838இல் கிரே, புதுச்சேரியிலிருந்து வந்த மிகச் சிறிய வௌவாலுக்குச் சோழமண்டலக் கரையின் பெயரால் ‘கோரமாண்ட்ரா’ என்று பெயரிட்டார். சோழமண்டலம் என்பது ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆயிற்று; அதுவே இலத்தீன் உருவில் பிபிஸ்ட்ரெல்லஸ் கோரமாண்ட்ரா ஆயிற்று. மாலையில் தெருவிளக்கைச் சுற்றிப் பறக்கும் கட்டைவிரல் அளவு வௌவால் ஒன்று இன்றும் சோழர் பெயரைச் சுமக்கிறது.

ஆனால் வாவல், துரிஞ்சில் என்ற உள்ளூர்ச் சொற்கள் எவையும் இந்த அறிவியல் பெயர்களில் இடம்பெறவில்லை.

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் மற்றொரு கேள்வி எழுந்திருந்தது. இத்தாலியின் ஸ்பல்லான்சானி 1793இல் தொடங்கிய சோதனைகளில், கண்ணிழந்த வௌவாலும் இருளில் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். ஜெனீவாவின் ஜூரின் காதை அடைத்தால் வௌவால் மோதிக்கொள்வதைக் காட்டினார். விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1938இல் அமெரிக்க மாணவர் டொனால்டு கிரிஃபின் நுண்ணொலிக் கருவியால் வௌவாலின் ஒலியைப் பதிவுசெய்தார். 1944இல் ‘எதிரொலி இடமறிதல்’ என்ற கருத்துக்குப் பெயர் தந்தார். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ்வரை கேட்கும். தரங்கம்பாடியின் இலைமூக்கு வௌவால் எழுப்பும் ஒலி 120 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும்.

மலையில்லாத நாட்டில் குகைகள்

காவிரிப் படுகை வண்டல் நிலம். பாறையில்லை, மலையில்லை, குகையில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அப்படியானால் பிற இடங்களில் பாறை இடுக்கிலும் குகையிலும் தங்கும் இலைமூக்கு வௌவால், கல்லறை வௌவால், எலிவால் வௌவால், போலி இரத்தக்காட்டேரி வௌவால் ஆகியவற்றுக்கு இங்கே இடம் ஏது?

இடத்தை மனிதர்கள் கட்டிக் கொடுத்தனர். சோழர் காலம் முதல் மராட்டியர் காலம் வரை எழுந்த விமானங்களின் உட்கூடு, கோபுர நிலைகள், இருண்ட திருச்சுற்று மண்டபங்கள், நெற்களஞ்சியங்கள், கோட்டைச் சுரங்க வழிகள், பயன்படாத கிணறுகள் ஆகியவை வௌவால்களுக்குக் குகைகளாயின. இருட்டு, மாறாத வெப்பம், ஈரம், தொந்தரவில்லாத உயரம் ஆகிய நான்கும் அங்கே கிடைத்தன. படுகையின் கோயில்களில் தூணின்றிச் செங்கல்லால் வளைத்துக் கட்டிய நீண்ட கூடத்துக்கு ‘வௌவால் நெத்தி மண்டபம்’ என்றே பெயர். கட்டடக் கலைச் சொல்லிலேயே வௌவால் புகுந்துவிட்ட நாடு இது.

மரத்தில் வாழும் வகைகளுக்குத் தோப்புகள் இருந்தன. ஆற்றங்கரை ஆல், அரசு, மருதம், புளி ஆகியவற்றில் பெரும்பழந்தின்னிகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. டெம்மிங்க் 1825இல் தந்த டெரோபஸ் மீடியஸ் என்ற பெயரே இவற்றுக்கு உரியது என அண்மையில் ஏற்கப்பட்டுள்ளது. ஒரு மீட்டருக்கும் அதிகமான சிறகு விரிப்பும் ஒரு கிலோவைத் தாண்டும் எடையும் கொண்டவை. ஊர்க்கோயில்களைச் சார்ந்த இலுப்பைத் தோப்புகள் இவற்றின் உணவுக்களம். இலுப்பையின் சாறுள்ள பூவையும் பழத்தையும் தின்னும் வௌவால், மகரந்தத்தைக் கடத்துகிறது; விதையைத் தொலைவில் போடுகிறது. அந்த விதையின் எண்ணெயால்தான் கோயில் விளக்குகள் எரிந்தன. கடற்கரைப் புன்னையின் காயும் வௌவால் வாயில்தான் ஊர் தாண்டுகிறது.

குறுமூக்குப் பழந்தின்னி இன்னும் சுவையானது. பனையோலை, நெட்டிலிங்கம், கொடிப்பந்தல் ஆகியவற்றில் இது தானே கூடாரம் அமைக்கும். திருநெல்வேலிப் பகுதியில் பாலசிங், கொய்ல்ராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஆண் வௌவால் ஒன்று பல நாள் உழைத்து இலைநரம்புகளையும் தண்டுகளையும் கடித்து, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் குடையாக வளைக்கிறது. பெண்கள் கூட்டமாக அங்கே வந்து தங்குகின்றன. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி, ஆண்டுக்கு இரு ஈற்று. இரவில் வாழைப்பூவின் தேனுக்கும் கொய்யாவின் பழத்துக்கும் வரும் வௌவால் பெரும்பாலும் இதுதான்.

நெல்வயலின் இரவுக் காவல்

குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி நெல் நிற்கும் நிலத்தில் நெல்லைத் தின்னும் பூச்சிகளும் அதே அளவு இருக்கும். குருத்துப்பூச்சியின் அந்து, இலைச்சுருட்டுப்புழுவின் அந்து, புகையான் ஆகியவை இரவில் பறப்பவை. பகலில் இரை தேடும் பறவைகள் அவற்றை அதிகம் தொட முடியாது. அந்த வேலை வௌவால்களுடையது.

இதன் மதிப்பைத் தாய்லாந்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். சுருங்கிய உதட்டு வௌவால் என்ற ஒரே இனம் நெல்லின் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் அரிசி காக்கப்படுகிறது என்றும், அது ஏறத்தாழ 26,000 பேரின் உணவு என்றும் 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காவிரிப் படுகை வௌவால்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது; இனங்கள் வேறு, பூச்சிகளின் அளவு வேறு. ஆனால் நெல்வயலும், தத்துப்பூச்சியும், இரவில் பறக்கும் பூச்சியுண்ணியும் சேரும் அடிப்படை அமைப்பு ஒன்றே. நெல் ஆராய்ச்சிக்கென்று 1922 முதல் ஆடுதுறையில் நிலையம் கொண்டிருக்கும் நாட்டில் இந்தக் கணக்கைச் செய்வது பொருத்தமான வேலை.

வகைமையின் பயனும் இங்கே தெளிவாகிறது. மஞ்சள் வௌவால் திறந்த வெளியில் வேகமாகப் பறந்து வண்டுகளைப் பிடிக்கும். சோழமண்டல வௌவால் மரவிளிம்பில் சிறு பூச்சிகளைத் தேடும். இலைமூக்கு வௌவால் செடிகளை ஒட்டித் தாழப் பறக்கும். போலி இரத்தக்காட்டேரி வௌவால் தரையில் அசையும் தவளை, பல்லி, சுண்டெலி ஆகியவற்றின் சலசலப்பைக் காதால் கேட்டே கவ்வும். ஒன்று அழிந்தால் அதன் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்யாது.

மதுரைக் குகையில் தரங்கம்பாடி வௌவால்

ஷ்னைடர் பெயரிட்ட இலைமூக்கு வௌவால் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் உலக அறிவியலில் இடம்பெற்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வைத் தொடங்கிய எம். கே. சந்திரசேகரன், மாரிமுத்து, சுப்புராஜ் ஆகியோருடன் சேர்ந்து, மதுரை அருகே இயற்கைக் குகை ஒன்றில் வாழ்ந்த இவ்வௌவால்களை ஆராய்ந்தார். பகலிரவு தெரியாத உட்குகையில் கூண்டிலிட்ட வௌவாலும், கூட்டத்தார் வெளியே பறக்கும் நேரத்திலேயே விழித்துச் சிறகடித்தது. கூட்டமில்லாத தனிக் குகையில் வைத்தபோது அதன் உடற்கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து விலகித் தன் போக்கில் ஓடியது. சூரியனைக் காணாத உயிர் தன் கூட்டத்தின் போக்குவரத்தைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பதை 1981இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

இதற்கு ஒரு நடைமுறைப் பொருளும் உண்டு. கூட்டம் குலைந்தால் தனி வௌவால் இடத்தை மட்டும் இழக்கவில்லை; இருளில் பொழுதைச் சொல்லும் துணையையும் இழக்கிறது.

மூல இடம் ஏன் முக்கியம்?

ஓர் இனம் எந்த ஊரின் மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டதோ அந்த ஊர் அதன் மூல இடம் எனப்படும். பின்னாளில் ‘ஓர் இனம்’ என்று நினைத்தது பல இனங்களின் கலவை எனத் தெரியவந்தால், மூல இடத்தில் வாழும் வகையே பழைய பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும். மற்றவை வேறு பெயர் பெறும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க மூல இடத்து உயிர்கள் தேவை.

இது வெறும் சாத்தியமாக நிற்கவில்லை. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ் என்று, அதாவது தரங்கம்பாடியின் வௌவால் என்று, தவறாக அடையாளம் காணப்பட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் கிடந்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1972இல், தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதன் பற்களை ஒப்பிட்டு, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்று கண்டறிந்தார். லாட்டிடென்ஸ் சலீமலி என்று பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் அரிய வௌவால் அது. மிகப் பொதுவான ஒன்றின் பெயருக்குள் மிக அரிய ஒன்று மறைந்திருந்தது.

குறுமூக்குப் பழந்தின்னியின் உடல் அளவே இந்தியாவின் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் போகப் போகப் பெரிதாவதையும் பின்னாளைய ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய வேறுபாடுகளை எடைபோட அளவுகோலாக நிற்பது தரங்கம்பாடி வட்டார வௌவால்தான்.

சட்டமும் அச்சமும்

அதே 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிரிகள் அட்டவணையில் வைத்தது. அவற்றைக் கொல்லத் தடையில்லை. புதிதாகக் கண்டறியப்பட்ட சலீமலி வௌவால் மட்டும் பின்னர் மிக உயர்ந்த பாதுகாப்பு அட்டவணைக்குச் சென்றது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது தீங்குயிரிகள் அட்டவணை நீக்கப்பட்டது. பெரும்பழந்தின்னி பாதுகாக்கப்படும் விலங்காயிற்று. அரை நூற்றாண்டுக் காலம் சட்டத்தின் பார்வையில் அது எலிக்குச் சமமாக இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் வேட்டை நடந்தது. வௌவால் இறைச்சி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் பெரும்பழந்தின்னி, கொல்லப்படும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பெருக முடியாது. சாலை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் பழைய புளியும் ஆலும் அதன் வீடுகள். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் படுகையின் தென்பகுதியில் இலட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தென்னையை மறுபடி நட்டார்கள். ஆலும் இலுப்பையும் அந்த அளவு நடப்படவில்லை.

2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா தொற்று பரவியபின் அச்சமும் சேர்ந்தது. பெரும்பழந்தின்னி நிபா வைரசின் இயற்கை உறைவிடம் என்பது உண்மை. வௌவால் கடித்த பழத்தைத் தவிர்ப்பது, திறந்த பானையில் இறக்கிய கள்ளையும் பதநீரையும் மூடிப் பாதுகாப்பது, இறந்த வௌவாலைக் கையால் தொடாமலிருப்பது ஆகியவை தேவையான எச்சரிக்கைகள். மரத்தை வெட்டுவதும் வெடிவைத்து விரட்டுவதும் வேறு. விரட்டப்பட்ட கூட்டம் சிதறிப் பல ஊர்களுக்குப் போகும். அலைக்கழிக்கப்பட்ட விலங்கு வைரசை அதிகம் வெளிவிடக்கூடும் என்று ஆஸ்திரேலியப் பழந்தின்னிகளை ஆராய்ந்தவர்கள் எச்சரித்துள்ளனர்.

காக்கும் மரபும் இங்கேயே இருக்கிறது. சீர்காழிப் பகுதி உட்படத் தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில், ஊர் ஆலமரத்தில் தங்கும் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை மக்கள் தாமாகவே கடைப்பிடிக்கிறார்கள். அம்மரம் பெரும்பாலும் ஒரு தெய்வத்தின் மரமாக இருக்கும். சட்டம் தீங்குயிரி என்று சொன்ன ஐம்பது ஆண்டுகளிலும் அவ்வூர்களில் வௌவால் உயிரோடு இருந்ததற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம்.

கோயில் திருப்பணியில் செய்யக்கூடியவை

பூச்சியுண்ணி வௌவால்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவற்றுக்கு ஊர்க் கட்டுப்பாடு எதுவும் இல்லை. குடமுழுக்குக்கு முன் கோபுரத் திறப்புகளுக்கு வலையடிப்பதும், உள்மண்டபங்களில் கூரிய விளக்குகள் பொருத்துவதும் இன்று வழக்கமாகியுள்ளன. எச்சமும் நாற்றமும் வழிபடுவோருக்குத் தொல்லை என்பதை மறுக்க முடியாது, சுவரும் கறைபடுகிறது. ஆனால் வலையடிக்கும் நாளில் உள்ளே குட்டிகள் இருந்தால் அவை அங்கேயே மடியும். படுகையில் அந்த வௌவால்களுக்கு வேறு குகையும் கிடையாது.

இதற்குப் பெரும் செலவில்லாத வழிகள் உண்டு. திருப்பணி தொடங்குமுன் எந்த நிலையில் எந்த வௌவால் தங்குகிறது என்று ஒருமுறை கணக்கெடுக்கலாம். குட்டிகள் பறக்கத் தொடங்கியபின் வேலையை வைத்துக்கொள்ளலாம். மக்கள் நடமாடும் மண்டபத்தை மூடி, எவரும் ஏறாத மேல்நிலை ஒன்றை மட்டும் திறந்து விடலாம். எச்சத்தை அள்ளி நெல்லுக்கும் வாழைக்கும் உரமாக்கலாம். நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த உரம் அது. வெட்டவெளியான கோயில் நிலங்களில் இலுப்பையையும் புன்னையையும் மறுபடி நடலாம்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையும் பழைய தேவாலயங்களும் பாதுகாக்கப்பட்டுள்ளன; சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். அந்த ஊரின் பெயரை உலக விலங்கியல் பட்டியலில் நிறுத்திய இரண்டு வௌவால்களைப் பற்றிய ஒரு பலகை அங்கே வைக்கப்பட்டால், மாலையில் கோட்டைக்கு மேலே பறப்பது இன்னதென்று வருவோரும் ஊராரும் அறிவார்கள்.